பதிவு எண் இல்லாமல் அக்கரைக்கு வந்த தோணி

அனுப்புநர்:
வெர்லின் ஸ்கோக்ஸ்டட்,
பால் லாரி ஓட்டுநர் (ஓய்வு),
ஆற்றோரச் சாலை, நெல்டன் கிராமம்,
விஸ்கான்சின் மாநிலம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
படகுப் பதிவு மற்றும் நீர்வழி அலுவலகம்,
ஸ்டென்லூன் கவுண்டி,
மின்னசோட்டா மாநிலம்.

பொருள்: நான் வெளி மாநிலத் தோணியைப் பதிவு எண் இன்றித் தங்கள் எல்லைக்குள் ஓட்டி வந்தது, காவலரிடம் பொய்ப் பெயர் கொடுத்தது, இவை தொடர்பாகத் தங்கள் அலுவலக ஊழியர் செல்வி மரிட் ஸ்கோக்ஸ்டட் மீது நடைபெறும் விசாரணையைக் கைவிட வேண்டுதல்.

பார்வை: 1. படகுத்துறையில் எனக்கு வழங்கப்பட்ட அபராதச் சீட்டு (வேறு பெயரில் உள்ளது).
2. மேற்படி ஊழியருக்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய குறிப்பாணை.

மதிப்பிற்குரிய ஐயா,

புகார் மனு என்றால் யார்மீது புகார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று எங்கள் ஊர் நூலகப் பெண்மணி சொன்னார். இந்தப் புகார் என்மீது. இப்படி ஒரு மனு தங்கள் அலுவலகத்துக்கு இதற்கு முன் வந்திருக்குமா என்று தெரியவில்லை. வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை அனுப்புகிறேன்.

1. என் வீடு தங்கள் படகுத்துறைக்கு நேர் எதிரே, ஆற்றின் இந்தக் கரையில் இருக்கிறது. என்னிடம் ஓர் அலுமினியத் தோணி உண்டு. எங்கள் மாநிலத்தில் துடுப்புப் போட்டு ஓட்டும் தோணிக்குப் பதிவு கேட்பதில்லை. தங்கள் மாநிலத்தில் கேட்கிறார்கள். ஆற்றுக்கு நடுவே கோடு எதுவும் போட்டு வைக்கவில்லை என்பது என் பழைய வாதம். அந்த வாதத்தை இந்த மனுவில் நான் எடுக்கப் போவதில்லை. விதி எனக்குத் தெரியும். என் அளவுக்கு அதை அடிக்கடி கேட்டவர் இக்கரையில் வேறு எவரும் இருக்க முடியாது. காரணம், தங்கள் அலுவலகத்தில் பதிவுக் கவுண்டரில் வேலை பார்க்கும் மரிட் என் ஒரே மகள்.

2. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் என்னிடம் தொலைபேசியில் இதைத்தான் சொல்லிவந்தாள். "அப்பா, உங்க கரையிலயே சுத்திக்கிட்டு இருந்தா ஒண்ணும் இல்ல. இந்தப் பக்கம் ஒதுங்கினா நம்பர் வேணும். ஒரு தடவ கவுண்டருக்கு வாங்க, நானே போட்டுத் தர்றேன்." நான் ஒவ்வொரு முறையும் கேலி செய்தேன். "மீனுக்கும் நம்பர் போடுறீங்களா? அதுவும் நடு ஆத்தத் தாண்டித்தான் வருது" என்றேன். அவள் சிரிப்பாள். கடைசி இரண்டு முறை சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன், கண்டுகொள்ளவில்லை.

3. ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தங்கள் அலுவலகம் படகுத்துறையில் பொதுமக்களுக்காக ஒரு விளக்கக் கூட்டம் நடத்தியது. வெளி மாநிலத்திலிருந்து தோணி கொண்டு வருபவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று பேசும் பொறுப்பை மரிட்டுக்குக் கொடுத்திருந்தீர்கள். அவள் மைக் பிடித்துப் பேசியது அதுவே முதல் தடவை. முந்தின நாள் அழைத்து, "ஆளு வருமோ வராதோன்னு பயமா இருக்குப்பா" என்று சொன்னாள். வரச் சொல்லி அவள் என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் நான் போவதென்று முடிவு செய்தேன். அவளுக்குப் பிடித்த, கடித்தால் பல்லில் கீச்சென்று சத்தம் போடும் புதுப் பாலாடைக்கட்டியைக் காலையிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

காரில் போயிருக்கலாம். பாலத்தைச் சுற்றிப் போனாலும் பெரிய தொலைவில்லை. நான் வேண்டுமென்றேதான் தோணியில் போனேன். கூட்டத்துக்கு நடுவே கரையேறி, "வெளி மாநிலத்துக்காரன் வந்திருக்கேன், பிடிச்சு உள்ள போடும்மா" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைக்கலாம் என்பது என் திட்டம். துடுப்புப் போடும்போது அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். இதை எழுதும்போது எனக்குக் காது சுடுகிறது.

4. நான் துறையை நெருங்கியபோது அவள் கூடாரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். பயந்தது போல் இல்லை, நல்ல கூட்டம். மைக்கில் அவள் குரல் தண்ணீர்மேல் தெளிவாகக் கேட்டது. "நடு ஆத்தத் தாண்டினா எங்க விதிதான். மோட்டார் இல்ல, வெறும் தோணிதானேன்னு நினைக்காதீங்க" என்று சொல்லி முடிக்கவும் என் தோணி கரையில் இடிக்கவும் சரியாக இருந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. யாரோ ஒருவர், "பாடத்துக்கு உதாரணம் தானா தேடி வந்துருச்சுய்யா" என்றார். கூட்டம் சிரித்தது. நான் எதிர்பார்த்து வந்த அதே சிரிப்புதான். ஆனால் கூட்டம் அவளைப் பார்த்தும் சிரித்தது. அவள் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. அவளுக்குப் பக்கத்தில் தாங்கள் நின்றிருந்தீர்கள்.

மனதில் வைத்திருந்த வசனத்தை நான் சொல்லவில்லை.

5. காவலர் திரு. ட்ரெவர் ரூஸ் தண்ணீர் ஓரத்துக்கு வந்தார். இளைஞர், மிகவும் மரியாதையானவர். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். "சார், நம்பர் எங்கேயும் காணோமே" என்றார். இல்லை என்றேன். பெயரைக் கேட்டார். மரிட்டின் சட்டையில் எங்கள் குடும்பப் பெயர் கொட்டை எழுத்தில் குத்தியிருந்தது. நான் என் மறைந்த மனைவியின் பிறந்த வீட்டுப் பெயரான ஹால்வர்சன் என்பதைச் சொன்னேன். முகவரியை மட்டும் உண்மையாகச் சொன்னேன். அடையாள அட்டை வீட்டில் இருக்கிறது என்றேன். அது என் பின்பாக்கெட்டில் இருந்தது. "யாரையாவது பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். "இல்ல தம்பி, சும்மா வெயில் காய வந்தேன்" என்றேன். நான் சொன்ன பெயரிலேயே அபராதச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

தோணியை இனி தண்ணீரில் விடக்கூடாது, வண்டியில்தான் ஏற்றிப் போக வேண்டும் என்பதால், அவர் கூட்டத்தைப் பார்த்து, "இவரை யாருக்காச்சும் தெரியுமா?" என்று உரக்கக் கேட்டார்.

ஐயா, தங்கள் விசாரணை முழுவதும் இந்த ஓர் இடத்தைப் பற்றியது என்பதால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மரிட் மைக்கைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். ஓர் அடி முன்னால் எடுத்தும் வைத்தாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. யாருக்கும் தெரியாதபடி கொஞ்சமாகத்தான் ஆட்டினேன். அவளுக்குத் தெரிந்தது. அவள் நின்றுவிட்டாள். அவள் தானாக மறைக்கவில்லை. அப்பன் மறைக்கச் சொன்னான், மறைத்தாள்.

6. முன்பின் தெரியாத ஒருவர் தன் வண்டியில் தோணியை ஏற்றி என்னைப் பாலம் வழியாக வீடு சேர்த்தார். பாலாடைக்கட்டிப் பை என் மடியிலேயே இருந்தது. "விடுங்க பெருசு, யாருக்கும் நடக்கிறதுதான். அந்த மைக்குப் பொண்ணுதான் பாவம், பேச்சு பாதியில நின்னுருச்சு" என்றார். ஆமாம் பாவம் என்றேன். அது என் மகள் என்று சொல்லவில்லை. காவலரிடம் பொய் சொன்னதற்காவது ஒரு காரணம் வைத்திருந்தேன். வண்டிக்குள் அவரும் நானும் மட்டும்தான் இருந்தோம், அங்கே மறைக்க எனக்கு ஒரு காரணமும் கிடையாது. அன்றிலிருந்து என்னை அதிகம் குத்துவது இந்த இடம்தான். விசாரணைக்கு இது தேவைப்படாது என்றாலும் எழுதிவிட்டேன்.

7. சில நாட்கள் கழித்து திரு. ரூஸ் என் வீட்டுக்கு வந்தார். அந்த முகவரியில் ஹால்வர்சன் என்று யாரும் இல்லை என்பதைக் கண்டுபிடித்திருந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "சார், நீங்க ஸ்கோக்ஸ்டட்தானே? மரிட் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். "மக" என்றேன். அவர் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார். பிறகு, "அன்னைக்கு ஏன் ஓர் அடி முன்னால வந்தீங்கன்னு ஆபீஸ்ல அவங்ககிட்ட எழுத்துல விளக்கம் கேட்டாங்க சார். அந்த ஆளை முன்னப்பின்ன பாத்ததே இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாங்களே" என்றார்.

எண் இல்லாத தோணிக்கு அபராதத்தோடு முடிந்துவிடும், காவலரிடம் பொய்ப் பெயர் கொடுத்தால் நீதிமன்றம்வரை போகும் என்பது அவளுக்குத் தெரியும். அது அவள் தொழில். நான்தான் அவள் அப்பா என்று ஒத்துக்கொண்டால் என் பொய் வெளிப்பட்டுவிடும் என்றே அவள் அப்படி எழுதியிருக்கிறாள். அவள் தலைகுனியக் கூடாது என்று நான் அவளைத் தெரியாதவன் ஆனேன். நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அவள் என்னைத் தெரியாதவள் ஆகிவிட்டாள். அவள் சின்ன வயதிலிருந்தே பொய் சொல்லத் தெரியாத பெண், ஐயா. அவளைச் சொல்ல வைத்தவன் நான்.

இப்போது அவளைக் கவுண்டரிலிருந்து எடுத்துப் பின்னறையில் கோப்பு அடுக்கப் போட்டிருப்பதாகவும், உண்மையை மறைத்ததாக வேலைநீக்கம்வரை போகலாம் என்றும் அறிகிறேன். நான் அழைத்தால் அவள் எடுப்பதில்லை. அவள் வீட்டுக்குப் போனேன், விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. கோபமா, அவமானமா, இரண்டுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

அ) அபராதச் சீட்டில் உள்ள பெயரை என் உண்மைப் பெயருக்கு மாற்றி, பொய்ப் பெயர் கொடுத்த குற்றத்தையும் என்மீது சேர்த்துக்கொள்ளுங்கள். நீதிமன்றம் அழைத்தால் வருகிறேன். வாதாட மாட்டேன்.

ஆ) செல்வி மரிட் எழுதிக் கொடுத்த விளக்கத்தை, என் தூண்டுதலால் எழுதப்பட்டது என்று கொண்டு, அவர்மீதான நடவடிக்கையைக் கைவிடுங்கள். அன்று அவர் பேசிய பேச்சில் பிழை எதுவும் இல்லை. நான் கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

இ) வரும் திங்கட்கிழமை காலை என் தோணியைப் பதிவு செய்யப் பாலம் வழியாகத் தங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். அந்த நேரத்துக்கு மட்டுமாவது மரிட்டைப் பின்னறையிலிருந்து கவுண்டருக்கு அனுப்பி வையுங்கள். சலுகை எதுவும் வேண்டாம், எல்லோரையும் போல வரிசையில் நிற்கிறேன். உரிமையாளர் பெயரைக் கவுண்டரில் இருப்பவர் வாய்விட்டுக் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்பது தங்கள் அலுவலக முறை என்று திரு. ரூஸ் சொன்னார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு என் மகள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் என்னிடம் பேசியே ஆக வேண்டிய இடம், எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.

தலைகுனிவுடன்,

(ஒப்பம்)
வெர்லின் ஸ்கோக்ஸ்டட்,
மரிட்டின் தந்தை.

இடம்: நெல்டன்
நாள்: ஜூலை 9

இணைப்பு: அபராதச் சீட்டின் நகல், என் அடையாள அட்டையின் நகல்.