அவசரத்துக்கு யாருக்குத் தெரிவிக்க வேண்டும்

ஜூன் 1, 2025
ஆயிரத்து இருநூறு லைக்!! தலைவருக்கு நான் போடுகிற எடிட்டுக்குக்கூட இவ்வளவு வந்ததில்லை. நான் வாராவாரம் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிற ஸ்ரீரங்கம் ஹோமில் வளர்ந்த இளவேனிலுக்கு வேலை தேடி எடுத்த வீடியோ இது. பன்னிரண்டாம் தேதி அவளுக்குப் பதினெட்டு. அதோடு ஹோமைவிட்டுக் கிளம்ப வேண்டும். ரெஸ்யூமே எல்லாம் யார் படிக்கிறார்கள்? ஸ்லோமோ, மாஸ் பிஜிஎம், கடைசியில் கேமராவைப் பார்த்து அவள்: “எனக்கு வீட்டு ஆளுங்க யாரும் இல்ல. தீபாவளிக்குக்கூட லீவு கேக்க மாட்டேன்.”
டயலாக் என்னுடையது. செம்ம!

ஜூன் 4
ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியாம். பேக்கிங் வேலை, தங்க இடம், சாப்பாடு. ஸ்ரீதர் என்பவர் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “நெஜமாவே யாரும் இல்லையாம்மா? சித்தி, மாமான்னு பின்னாடி வந்து நிக்க மாட்டாங்களே?”
“சத்தியமா இல்ல சார்”னு துள்ளிக்கிட்டுச் சொன்னேன்.

ஜூன் 8
ஃபார்ம் நிரப்பினோம். ‘அவசரத்துக்கு யாருக்குத் தெரிவிக்க வேண்டும்’ — அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்தபடி உட்கார்ந்துவிட்டாள்.
“ஆஃப்ரின் அக்கா, ஒங்க பேர போட்டுக்கவா?”
“லூசு, வீடியோல யாரும் இல்லன்னுட்டு இங்க அக்கான்னு போட்டா பொய்யாயிடும்டி. காலியா விடு.”
சிரித்துக்கொண்டே விட்டாள்.
ஹோம் வார்டன் பெலிண்டா மேடம்தான், “கம்பெனிய நேர்ல பாத்தியா? பொறு, நான் விசாரிக்கிறேன்” என்றார். ஸ்ரீதர் சார் பொறுப்பாரா? வெப்சைட் பார்த்துட்டேன் மேடம், பக்கா என்றேன்.

ஜூன் 13
சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கார் வந்தது. கம்பெனி பெயர் எதுவும் இல்லை. ஸ்ரீதர் வரவில்லை, டிரைவர் மட்டும். இளவேனிலின் மார்க் ஷீட், ஆதார், எல்லா ஒரிஜினலையும் வாங்கி முன்பெட்டியில் வைத்துப் பூட்டினார். எதுக்குப் பூட்டணும்?
“அக்கா, போன உடனே மெசேஜ் போடுறேன்.”

ஜூன் 14
அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. நான் அனுப்பிய மெசேஜுக்கும் ஒரே ஒரு டிக், போய்ச் சேரவில்லை.

ஜூன் 16
இன்னும் அதே ஒரு டிக். ஸ்ரீதர் நம்பர் உபயோகத்தில் இல்லையாம். வெப்சைட்டில் இருந்த ஃபேக்டரி படத்தை இன்றைக்குத்தான் தேடிப் பார்த்தேன். வேறு ஏதோ நாட்டுப் படம். தலைவர் ஃபோட்டோ ஒரிஜினலா ஃபேக்கான்னு ரெண்டே நிமிஷத்துல கண்டுபிடிச்சு சண்ட போடுவேனே — இத ஏன் பாக்கல? ஏன்டி பாக்கல நீ?
வீடியோவை நீக்கிவிட்டேன். யார் யாரோ டவுன்லோடு செய்திருக்கிறார்கள்.

ஜூன் 17
பெலிண்டா மேடத்தோடு போலீஸ் ஸ்டேஷன். மேடம் என்னைத் திட்டவேயில்லை. புகார் ஃபார்மைத் தள்ளிவிட்டு ரைட்டர் கேட்டார்: “காணாமப் போனது இளவேனில். நீ ஆஃப்ரின். அவளுக்கு நீ என்ன வேணும்?”
‘உறவுமுறை’ கட்டத்தில் பேனாவை வைத்தேன்.
“ஒறவு இல்லன்னா அந்தக் கட்டத்த காலியா விடும்மா.”
‘அக்கா’ என்று எழுதினேன்.