சும்மா இருந்த வருஷங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் கௌதம்ராஜுக்கு அம்மா எழுதுவது. எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், அது உன் அப்பா சட்டைப்பையில் இருக்கிறது. அவர் காதுபடச் சொல்ல முடியாததைத்தான் எழுதுகிறேன்.

தேருக்கு வருகிறேன் என்றாய். தேரும் நிலைக்கு வந்துவிட்டது. மழை இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டது. கொல்லையில் போட்ட கத்தரி முழுக்கப் பூச்சி.

நீ போட்டுக் கொடுத்த பயோடேட்டாவால் அப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னேன் அல்லவா? எப்படிக் கிடைத்தது என்று சொல்லவில்லை. பத்து வருஷத்துக்கு முந்தியதை எல்லாம் போட்டால் வயசான ஆள் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்றாய். கம்பெனிக்கு ஆள் எடுக்கிறவன் நீ, உனக்குத் தெரியாததா? ராஜபாளையம் மில்லில் அவர் மிஷின் பழுது பார்க்கும் பிட்டராக இருந்த இருபத்திரண்டு வருஷத்தையும் எடுத்துவிட்டாய். மில்லை மூடிய பிறகு ஏ.டி.எம். வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்தது மட்டும் பேப்பரில் நின்றது. பேப்பரில் இல்லாததை வாயால் சொல்லிவிடாதீர்கள், எனக்குத்தான் கெட்ட பேர் என்றும் சொன்னாய். உன் அப்பாவைத் தெரியுமே, மகன் சொல்லிவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது.

செட்டியார்பட்டிப் பக்கம் இருக்கிற அந்த மில்லுக்குப் போனபோது, கேட்டிலேயே 'பிட்டர் தேவை' என்று போர்டு தொங்கியிருக்கிறது. மேனேஜர் பேப்பரைப் பார்த்துவிட்டு, ஏ.டி.எம்.முக்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்று கேட்டாராம். இவர், "சும்மாதான் இருந்தேன் சார்" என்றாராம். வாட்ச்மேன் வேலை கொடுத்துவிட்டார்கள். அந்தப் போர்டுக்குக் கீழேதான் இவருக்கு நாற்காலி. வீட்டுக்கு வந்து இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் பைத்தியக்காரி மாதிரி கூடச் சிரித்தேன்.

போன வாரம் காளீஸ்வரி அங்கே வேலை கேட்டு வந்திருக்கிறாள். பழைய மில்லில் அப்பாவோடு இருந்தவள், வ. புதுப்பட்டிக்காரி. மேனேஜர் பக்கத்தில் நிற்கும்போதே, "பிட்டரண்ணாச்சி, இங்கயா இருக்கீக? பாத்து எம்புட்டு நாளாச்சு!" என்று ஓடி வந்திருக்கிறாள். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஆளு மாத்திப் பேசுதம்மா. நான் மில்லு வேலையே பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டார். அவள் நேரே நம் வீட்டுக்கு வந்தாள். "மிஷின்ல சிக்குன என் கையை எடுத்துவிட்ட மனுஷன், என்னையவே தெரியாதுன்னுட்டாகளே அக்கா" என்று அழுதாள்.

மறுநாள் அப்பா தன் ஸ்பானர் பையைக் கொண்டுபோய்ப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்தார். வேலைக்குப் போகிறார், வருகிறார். சாப்பிடுவது பேருக்குத்தான். என்ன யோசனை என்றாலும், உடம்புக்கு என்ன என்றாலும், சும்மா இருக்கேன் என்று ஒரே பதில். கத்தரிக்கு வாங்கிய பூச்சி மருந்தைப் பக்கத்து வீட்டுத் தங்கபாய் அக்காவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். அக்காவும் எதற்கு என்று கேட்கவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம்தான், மறைக்க மாட்டேன். நீ கெட்டது நினைத்துச் செய்யவில்லை என்பதும் தெரியும். இன்னொரு வேலை நீ தேட வேண்டாம். ஊருக்கு வா. அந்த மேனேஜர் கேட்டதையே நீயும் ஒரு தடவை கேள், அதுக்கு முன்னால் என்ன வேலை பார்த்தீர்கள் அப்பா என்று. அவர் சொல்லச் சொல்ல எதிரில் உட்கார்ந்து எழுது. ஒரு வருஷத்தைக்கூட விட்டுவிடாதே.

டிக்கெட் எடுத்த உடனே அவருக்குப் போன் பண்ணி, வருகிற நாளைச் சொல்லு. அதுவரைக்கும் எனக்காகக் காத்திருங்கள் என்று உன் வாயால் சொல்லு. நீ சொன்னால் இருப்பார். நீ சொன்னதை அவர் இதுவரை மீறியதில்லை.

நீ நல்லா இருக்கணும் ராசா.

உன் அம்மா,
பிச்சையம்மாள்