டிக்கெட் ஜன்னல்

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் இருக்கிறோம். அப்பாவுக்கு முட்டிவலி. உன் சித்தப்பா வாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். அவருக்கும் நான்தான் கஞ்சி ஊட்டுகிறேன். முன்னைப் போல முடியவில்லை.

நம் ஊர் ஸ்டேஷனை நேற்று இடித்துவிட்டார்கள். கொரோனாவில் நின்ற பாசஞ்சர் வண்டி மறுபடி ஓடியபோது இங்கே மட்டும் நிற்கவில்லை. அப்பா கமிஷனுக்கு டிக்கெட் கொடுத்த அந்த ஒற்றை அறையில் அப்புறம் ஆடுகள்தான் படுத்திருந்தன.

இடிப்பதைப் பார்க்க அப்பா போய் நின்றார். நான் சோறு கொண்டுபோனேன்.

"கை நுழையிற அளவுக்குத்தான் ஜன்னலு வச்சிருந்தாங்க. ஆளு மூஞ்சி தெரியாது" என்றார். பிறகு, "அன்னைக்கு அவ கை வந்துச்சு. நகத்துல பீங்கான் கம்பெனி மண்ணு. சின்னதுல வெந்நி கொட்டுன தழும்பு. டிக்கெட்ட குடுத்துட்டேன்" என்றார்.

நீ போன அன்று சித்தப்பா அரிவாளோடு ஸ்டேஷனுக்கு ஓடினபோது, "பொம்பள யாரும் ஏறல" என்று சொன்னவர் இவர்தான். இத்தனை வருஷம் என்னிடமும் அதையே சொன்னார். எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. தூக்குவாளியைத் திறந்து வைத்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டார்: "ஸ்டேஷனும் போச்சு. இனிமே அவ வந்தா எங்க எறங்குவா?"

கருவேப்பிலங்குறிச்சி பஸ்ஸில் வா. இறங்குகிற இடத்தில் அப்பா நிற்பார். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

அம்மா