நாற்பத்தொன்றில் போட்ட கையெழுத்து

இங்கிலாந்து, 19 மே 1945

அன்புள்ள ருஷெனா,

உயிரோடு இருக்கிறேன். ப்ராக் வரும் நண்பர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஊரை விட்டு வந்து ஆறு வருஷம். இங்கே எனக்கு வேறு பெயர். சொந்தப் பெயர் ஜெர்மானியர் காதுக்கு எட்டினால் உங்களைப் பிடித்துப் போவார்கள் என்று மாற்றிக்கொண்டேன். எங்கள் விமானப்படைப் பிரிவு முழுக்க நம் செக் ஆட்கள். சண்டை மும்முரத்தில் ரேடியோவில் நம் மொழியில் கத்துவோம். கட்டுப்பாட்டு அறைப் பெண் ஒருநாள், "தயவுசெஞ்சு இங்கிலீஷ்ல திட்டுங்க, குறிச்சுக்கணும்" என்றாள். இப்போது வானம் காலியாக இருக்கிறது. புல்லில் படுத்துத் தூங்குகிறோம்.

நம் பையன் மிலோஷுக்கு ஒன்பது வயதா? எதுவானாலும் எழுது.

ஓல்ட்ரிஹ்

டெல்ச், 4 ஜூன் 1945

மதிப்பிற்குரிய ஓல்ட்ரிஹ் அவர்களுக்கு,

மிலோஷ் நலம். என் தோள் வரை வளர்ந்துவிட்டான்.

சட்டப்படி நான் இப்போது உங்களுக்கு யாருமில்லை. நாற்பத்தொன்று இலையுதிர் காலத்தில் இரண்டு ஜெர்மன் அதிகாரிகள் வந்தார்கள். "உன் புருஷன் இங்கிலீஷ்காரனோட சேர்ந்து பறக்கறான், தெரியும். விவாகரத்து வாங்கிக்கோ. இல்லேன்னா நீ முகாமுக்கு, பையன் ஜெர்மன் விடுதிக்கு" என்றார்கள். 'துரோகியின் மனைவியாக இருக்க விரும்பவில்லை' என்ற வரியை அவர்களே அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வீட்டு ஆனெஷ்கா, உங்களோடு பறக்கும் நண்பர் க்ராலின் மனைவி, அதே காகிதத்தில் போடவில்லை. முகாமில் இரண்டாவது குளிர்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். ரொட்டிக் கடை வரிசையில் இப்போதும் என் காதுபடவே பேசுகிறார்கள்: "அவ போடலயே, இவளுக்கு மட்டும் என்ன வந்துச்சாம்?" க்ராலிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ருஷெனா

இங்கிலாந்து, 23 ஜூன் 1945

அன்புள்ள ருஷெனா,

விவாகரத்துச் செய்தி எனக்கு நாற்பத்திரண்டிலேயே தெரியும். சுவிட்சர்லாந்திலிருந்து உன் சித்தி எழுதியிருந்தாள். நீ மனதாரச் செய்தாய் என்றே நம்பினேன். உன்னை வெறுத்தேன். கொஞ்சகாலம் திரும்பி வரவேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் பறந்தேன். பிறகு, இங்கே உணவகம் நடத்தும் மேவிஸ் என்ற விதவையிடம் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். அவள், "அந்தக் காகிதத்தை யார் எழுதினாங்கன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா? போய்க் கேட்டுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றாள். அந்தப் புத்தி எனக்கு வரவில்லை. மன்னித்துவிடு.

க்ராலிடம் சொன்னேன். காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தான். ஒரு காலணியை முடித்தான், அடுத்ததையும் முடித்தான். அப்புறம்தான் வாய் திறந்தான்: "போட்டுத் தொலைச்சிருக்கலாமேடா அவ. நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேனே."

கடை வரிசையில் யாராவது கேட்டால் இதைச் சொல். ஆகஸ்ட் நடுவில் எல்லோரும் விமானங்களோடு வருகிறோம். உன் வீட்டுக் கதவைத் தட்டலாமா?

ஓல்ட்ரிஹ்

டெல்ச், 9 ஜூலை 1945

அன்புள்ள ஓல்ட்ரிஹ்,

மேவிஸ் பற்றிப் படித்துவிட்டு இரண்டு நாள் கோபமாக இருந்தேன். கோபப்பட எனக்கு உரிமையில்லை என்று நினைவு வந்ததும் கோபம் இன்னும் கூடியது. மூன்றாம் நாள் நகராட்சிக்குப் போனேன். குமாஸ்தா பழைய பதிவேட்டைப் புரட்டினார்.

"இவரைத்தானேம்மா நாப்பத்தொண்ணுல வேண்டாம்னீங்க?"

"இவரேதான்."

"ஒரு வாரம் யோசிச்சுட்டு வர்றீங்களா?"

"நாலு வருஷம் யோசிச்சாச்சு. தேதியைப் போடுங்க."

நம் கல்யாணம் ஆகஸ்ட் இருபத்தைந்து, சனிக்கிழமை. மிலோஷ் இன்னும் உங்களை 'அந்த ஆளு' என்றுதான் சொல்கிறான், பொறுத்துக்கொள்ளுங்கள். சாட்சிகள் இருவர் வேண்டுமாம். ஒருவர் என் அண்ணன். இன்னொருவராக க்ராலைக் கேளுங்கள், தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். ஆனால் ஊருக்கு வந்ததும் அவரைத் தன் வீட்டுக்குத் தனியாகப் போகவிட வேண்டாம். முதல் நாள் நம் வீட்டில் சாப்பிடட்டும்.

உங்கள் ருஷெனா