பிரதமர்தான் பதில் சொல்ல வேண்டும்

அன்புள்ள அப்பாவுக்கு, நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா?

விடுதி மாணவிகள் மன்றத்தில் நான் பிரதமர் அல்லவா? முன்னொரு காலத்தில் இங்கிலாந்து ராஜா மந்திரிகளின் கூட்டத்துக்கு வராமல் நின்றுவிட, அங்கே தலைமை தாங்கிய மந்திரியின் இடம்தான் மெல்ல இந்தப் பதவியானதாம். மந்திரிகள் செய்வதற்கெல்லாம் பிரதமரே பொறுப்பு என்றும் டீச்சர் சொன்னார்.

குழம்பில் புழு கிடந்ததை எங்கள் உணவு மந்திரி எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டாள்.

"யாருடி ஒட்டினது?" என்று வார்டன் கத்தினார். அவள் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"நான்தான் மேடம்" என்றேன்.

"பெரிய பிரதமர்! ஞாயித்துக்கிழமை உங்கப்பா வரட்டும், மூட்டையைக் கட்டு."

எனக்கு அழுகைகூட வரவில்லை.

வரும்போது குளியல் சோப்பு வாங்கி வாருங்கள். இருக்க விட்டால் தேவைப்படும். அம்மாவிடம் சொல்லாதீர்கள். யாரோ வருகிறார்கள், விளக்கை அணைக்கிறேன். வார்டன் முன்னால் மட்டும் திட்டாதீர்கள் அப்பா, பஸ்ஸில் திட்டுங்கள்.

உங்கள் மகள்