பெற்றிசியாவுக்கு வாசித்த ஆத்துமப் பூசை

பேசாலை
9.11.1981

யேசு மரி சூசை துணை

அன்பு மகள் பெற்றிசியாவுக்கு, தேவமாதாவின் தயவால் நானும் அப்பாவும் சுகம், அவருடைய இருமலும் அவரை விட்டுப் பிரியாமல் சுகமாக இருக்கிறது, உனக்கும் கொழும்பில் ஒரு குறையும் வராதிருக்க மன்றாடுகிறேன். உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். போன வருடம் கைப்பிடி வைத்த கதிரையும் தலைக்கு மேல் மின்விசிறியும் தந்த கம்பனி, இப்போது கொம்பியூட்டர் என்று ஒரு இயந்திரத்தை இறக்கிவிட்டு, ரைப் அடிக்கிற உங்கள் பதினொரு பேரையும் சொந்த விருப்பத்தோடு விலகுகிறோம் என்று முப்பதாம் திகதிக்குள் கையெழுத்து வைக்கச் சொல்கிறதாம். கம்பனி ஒரு குடும்பம், குடும்பத்துக்காக விட்டுக்கொடுங்கள் என்று மனேச்சர் கண்கலங்கினாராம். உன் சித்தப்பா ஒன்பது வருடமாக எங்களோடு கதைப்பதில்லை, அவரைக்கூட நாங்கள் எழுதி வாங்கிக்கொண்டு குடும்பத்திலிருந்து விலக்கவில்லை.

உனக்காகப் பூசைக் கருத்துக் கொடுக்கப் போய்த்தான் இங்கே கூத்து நடந்தது. கார்த்திகை மாதம் கோவிலில் கருத்துத் துண்டு போடுகிற வழக்கமான பெட்டிக்குப் பக்கத்தில் செத்தவர்களின் பெயர் போடுகிற பெட்டியும் இருக்குமல்லவா, அடுத்த வீட்டுப் பூமணியின் புதுச் சேலையைப் பார்த்தபடி நான் உன் பெயர் எழுதிய துண்டை அதற்குள் போட்டுவிட்டேன். அந்தப் பராக்கைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாயிற்று, சேலை நல்ல சேலைதான். நான் முதற்பூசை கண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டாம் பூசையில், உன்னைத் தெரியாத புதுச் சுவாமியார் உத்தரிக்கிற ஆத்துமாக்களோடு உனக்கும் நித்திய இளைப்பாற்றி கேட்டிருக்கிறார். உலை கொதிப்பதற்குள் பூமணி படலையிலேயே ஒப்பாரியோடு வந்தாள், பின்னால் செத்தவீட்டுக்குக் கொண்டுபோகிற சீனியும் தேயிலையுமாக அரை ஊர். கடற்கரையிலிருந்து ஓடிவந்த அப்பா, எப்போது, எப்படி என்று என்னைக் கேட்டார். பிள்ளை உயிரோடதான் இருக்கிறாள், வேலைக்குத்தான் சேடம் இழுக்குது என்றேன்.

வந்தவர்களில் சிங்கராசாவும் ஒருவர், கொழும்பில் ஒரு பெரிய கம்பனியில் இருபது வருடம் இருந்தவர். கொண்டுவந்த சீனியைத் திருப்பி எடுத்துப் போகக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தார், உன் கடிதத்தைக் காட்டியதும் முகம் மாறிவிட்டது. அவருக்கும் இப்படித்தான் மாலை போட்டு, சுவர் மணிக்கூடு கொடுத்து, கையெழுத்து வாங்கினார்களாம். பிறகு நட்டஈடு கேட்டுப் போனபோது, நீராக விரும்பிப் போனீர் என்று அந்தக் கையெழுத்தையே எடுத்துக் காட்டினார்களாம். "பிள்ளையைக் கையெழுத்து மட்டும் வைக்கவேண்டாமெண்டு எழுதுங்கோ அக்கா. அனுப்புறதெண்டால் அவங்கள் தங்கட கையால எழுதி அனுப்பட்டும்," என்றார்.

நான் இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன், கையெழுத்து வைக்காதே. மற்றப் பத்துப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லு, சிங்களப் பிள்ளைகளுக்குச் சிங்களத்தில் சொல்லு, நீ மட்டும் தப்புவது அழகில்லை. வேலை போனால் போகட்டும், ஆனால் இல்லாத விருப்பத்தை இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது பொய்ச்சாட்சி, எட்டாம் கட்டளை கம்பனிக்காரருக்கும் சேர்த்துத்தான் தரப்பட்டது.

எங்கள் கோவில் வெற்றி அன்னை உன் மேசைக்குப் பக்கத்திலேயே நிற்பாள், அப்பாவும் நானும் உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறோம். செபமாலையையும் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கையும் விடாதே. முப்பதாம் திகதி மனேச்சர் பேனையை நீட்டினால் வாய் காட்டாமல், அம்மாவைக் கேட்டுத்தான் சொல்லுவேன் என்று சொல்லு. அவர் எனக்கு எழுதட்டும். நான் பதில் போட ஆறு மாதமாவது எடுப்பேன்.

உன் அம்மா
றோசம்மா அமிர்தநாயகம்