வியாழக்கிழமை தொலைக்காட்சியில் டெரிக்

ஹல், இங்கிலாந்து,
14 மார்ச் 1969, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள டோரீனுக்கு,

உன் மாமியார் ஐடா எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதே. போடுவதானாலும் படித்துவிட்டுப் போடு. நான் நலம், முழங்காலைத் தவிர. நீயும் குழந்தையும் உன் அக்கா வீட்டில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கனடாவில் இன்னும் பனி விழுகிறதாமே. கேரனுக்கு நெஞ்சுச் சளி சீக்கிரம் பிடிக்கும், உனக்குத் தெரியாததில்லை. கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய அட்டையில் அவள் பெயர் மட்டும் இருந்தது. அதற்கு நான் வருத்தப்படவில்லை. அந்த அட்டை இன்னும் அலமாரி மேல்தான் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஜனவரியில், டெரிக்கின் கப்பல் கிளம்பிய அன்று, துறையில் தொலைக்காட்சிக்காரர்கள் படம் எடுத்தார்கள் இல்லையா? கப்பல் திரும்பவில்லை என்றானதும் அந்தப் படத்தைப் போடாமல் வைத்திருந்தார்கள். போன மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. மீன்பிடிக் கப்பல்காரர்களைப் பற்றிய நிகழ்ச்சியில் அதைச் சேர்க்கிறோம், உங்கள் மகன் பேசுகிறார், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். சம்மதமா என்று ஒரு கேள்வியா? புதைக்க ஓர் உடம்பு கிடைக்கவில்லை, கல்லில் பெயர் வெட்டவில்லை. அவன் முகத்தை இன்னொரு தரம் பார்க்கலாம் என்றால் நான் வேண்டாம் என்பேனா? ஒரே தரம்தான் போடுவார்களாம். பிறகு அந்த நாடாவை அழித்துவிட்டு வேறு எதையாவது பதிவு செய்வார்களாம்.

உங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைத்தான் நீ கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டாயே, அதனால் நான் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். புதன்கிழமை கொண்டுவந்து வைத்தார்கள். சூடாகிப் படம் தெரிய நேரம் பிடிக்கும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டுப் போனார். நிகழ்ச்சி நேற்று மாலை ஆறே முக்காலுக்கு. நான் காலை ஒன்பதரைக்கே போட்டுவிட்டேன். கடைசி நேரத்தில் மக்கர் பண்ணினால் யாரிடம் போய் அழுவது?

நாள் முழுக்க அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன், டோரீன். சர்ச்சுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பைப் போட்டுக்கொண்டு. முதலில் பள்ளிக்கூடப் பாடம் வந்தது. தவளை முட்டை எப்படித் தலைப்பிரட்டை ஆகிறது என்று ஒரு கண்ணாடிக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்புறம் நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் போடுகிற, வட்டமும் கோடுமாக ஒரு படம், அசையாமல், பின்னால் பாட்டு. அதையும் பார்த்தேன். மத்தியானச் செய்தி. ஒன்றரைக்குச் சின்னப் பிள்ளைகளுக்கான பொம்மை நிகழ்ச்சி. கேரன் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டியில் மூக்கு இடிக்கிற மாதிரி உட்காருவாளே, அதே நிகழ்ச்சி. அந்த முயல் பொம்மை டாட்டா காட்டியபோது எனக்குத் தாங்கவில்லை. எழுந்துபோய்த் தேநீர் போட்டேன். திரும்பி வந்தால் மறுபடியும் அந்த வட்டமும் கோடும்.

ஐந்து மணிக்கு மேல் தெருவே வந்துவிட்டது. அடுத்த வீட்டு எதல் பெரிய கேக் கொண்டுவந்தாள். நான் பன்றி இறைச்சி வைத்து ரொட்டி நறுக்கியிருந்தேன். சாவு வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருந்தது. ஒருவேளை அதேதானோ என்னவோ, அவனுக்கு நாம் அதைச் செய்யவே இல்லையே. திரைச்சீலையை இழுத்துவிட்டோம்.

வந்தான், டோரீன். அந்த நீலக் கம்பளிச் சட்டை, தோளில் மூட்டை, காதுக்கு மேல் சீவாத தலை. என் பிள்ளை வீட்டுக்குள்ளேயே வந்து நின்ற மாதிரி இருந்தது. கேள்வி கேட்பவர் வெளியூர்க்காரர். வழியனுப்ப யாரும் வரவில்லையா என்று கேட்டார். எங்க வீட்டுப் பொம்பளைங்க துறைப்பக்கம் வரமாட்டாங்க, கப்பல் போறதைப் பார்த்தா திரும்பி வராதுன்னு எங்கம்மா இந்நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் என்றான். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன சாங்கியம் உண்டு என்று அவர் கேட்டார். அதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சொல்கூட எனக்கு மறக்கவில்லை.

"கிளம்புற அன்னைக்கு வீட்ல துணி துவைக்கக் கூடாது சார், ஆளைக் கடல் அடிச்சிட்டுப் போயிடுமாம். பாப்பாவுக்கு மூணு நாளா வயித்தால போகுது, துணி மலை மாதிரிக் கெடக்கு. எங்கம்மாவுக்குப் பயந்து எம் பொண்டாட்டி தொடவே மாட்டேங்கிறா. விடியக்காலைல நானே எல்லாத்தையும் தொட்டியில நனைச்சுப் போட்டுட்டு வந்துட்டேன். இனி அவ துவைச்சுத்தானே ஆகணும்? எங்கம்மா காதுல மட்டும் போட்டுடாதீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தப் பல் தெரியும் சிரிப்பு.

இந்தத் தடவை அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் நினைவிருந்தது. அன்று மத்தியானம் உன் கொடியில் போர்வைகளைக் கண்டு நான் போட்ட கூச்சலை அவர்கள் கேட்டவர்கள்தானே. மூன்று வாரம் கழித்துக் கப்பலிடமிருந்து பதில் இல்லை என்று வானொலியில் சொன்ன அன்று, இதே ஆட்களுக்கு முன்னால்தான் நான் உன்னிடம் சொன்னேன், நீ துவைச்சே எம் பிள்ளையக் கொன்னுட்ட என்று. உன் மாமனார் முப்பத்தைந்து வருஷம் கடலுக்குப் போய்க் கட்டிலில்தான் செத்தார், நான் ஒரு நாளும் துவைக்கவில்லை என்று. நீ இடுப்பில் பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தாய். ஒரு வார்த்தை, 'அவர்தான் நனைச்சுப் போட்டார்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் அடைத்துப்போயிருக்கும். ஏன் சொல்லவில்லை? செத்தவன்மேல் போட மனம் வரவில்லையா? அவன் நினைப்பையாவது எனக்குக் குறையில்லாமல் விட்டுவைப்போம் என்று நினைத்தாயா? நேற்றிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். கத்திச் சொல்லியிருப்பேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. பேசி முடித்துவிட்டு அவன் கப்பலில் ஏறினான். கயிற்றை அவிழ்த்தார்கள், கப்பல் துறையை விட்டு நகர்ந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். நினைத்துச் செய்யவில்லை. நாற்பது வருஷப் பழக்கம், கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. இனி எந்தக் கப்பல் திரும்பி வரப்போகிறது, பைத்தியக்காரி என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவனைப் பார்க்கத்தானே காலை ஒன்பதரையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். மறுபடி திரும்பிப் பார்ப்பதற்குள் வேறு யாரோ மீன் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஒரு பாட்டுக் கச்சேரி வந்துவிட்டது, கோட்டு போட்ட ஒருவன் பல்லைக் காட்டி வணக்கம் சொன்னான். பெட்டியை யாரும் அணைக்கவில்லை. கடைசியில் டெரிக் என்ன செய்தான் என்று எதலைக் கேட்டேன். கையெல்லாம் அசைக்கலை, நம்ம தெருப்பக்கம் பார்த்துக்கிட்டே நின்னான் என்றாள். நம் தெரு என்றால் உன் வீடும் அதில்தானே இருந்தது. உன்னைத்தான் பார்த்திருப்பான்.

எல்லோரும் போன பிறகு கரிக்கொட்டகைக்குப் போனேன். அன்று உன் கொடியிலிருந்து நான் பிடுங்கி வந்து உள்ளே எறிந்த கேரனின் போர்வை, அந்த மஞ்சள் பூப்போட்டது, இன்னும் அங்கேதான் கிடந்தது. பதினான்கு மாதமாக அதன்மேல் கரியைக் கொட்டியிருக்கிறேன், அள்ளியிருக்கிறேன், கண் படாத மாதிரி இருந்திருக்கிறேன். இன்று காலை அதைத் துவைத்தேன். மூன்று தண்ணீர் பிடித்தது, கை எரிகிறது. எதலின் புருஷன் இன்று கடலுக்குக் கிளம்புகிறான், அவள் கண்ணில் பட வேண்டாம் என்று கொடியில் போடாமல் அடுப்பெதிரில்தான் காயப்போட்டேன். என்னை மாற்ற முடியாது, டோரீன். ஆனால் அது உன் தப்பில்லை. கடல் கொண்டுபோனது. நீ கொண்டுபோகவில்லை. இதை அந்தத் தெரு நடுவில் நின்று சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன்.

கரி முழுதும் போகவில்லை, ஓர் ஓரத்தில் கொஞ்சம் கறை இருக்கிறது. பூவெல்லாம் நன்றாகத் தெரிகிறது. மடித்து டெரிக்கின் கட்டில்மேல் வைத்திருக்கிறேன். கேரனுக்கு அது இப்போது சின்னதாகிவிட்டிருக்கும். அதைத் தபாலில் உனக்கு அனுப்பட்டுமா, இல்லை, இங்கேயே வைத்திருக்கட்டுமா? ஒரு வரி எழுது, தாயே.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

கேரனின் பாட்டி,
ஐடா